எக்செல் மைனஸ் காட்டுகிறது, ஃப்ரீசரில் ஒரு குப்பியைக் காணோம்: ஐசோடோப்பு இருப்புக் கணக்கில் உதவி தேவை

புதுப்பொறுப்பு:
வணக்கம். எங்கள் ஆய்வகத்தின் கதிரியக்க ஐசோடோப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சீனியர் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பதிவேடு, ஃப்ரீசர் சாவி, ஒரு எக்செல் கோப்பு மூன்றும் இப்போது என் தலையில். இன்னும் 12 நாளில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் வருடாந்திரச் சரிபார்ப்புக்கு வருகிறார். இரண்டு இடத்தில் கணக்கு உதைக்கிறது.

ஒன்று, பாஸ்பரஸ்-32. 25 மைக்ரோலிட்டரில் 250 மைக்ரோகியூரி உள்ள குப்பி. லேபிளில் போட்ட குறிப்புத் தேதியன்றே (அந்த 250 என்ற அளவு எந்த நாளுக்கோ அந்த நாள்) 10 மைக்ரோலிட்டர் எடுத்தோம். 14ஆம் நாள், அதாவது இன்று காலை, இன்னொரு 10. இரண்டையும் 100, 100 என்று பதிந்தேன். மீதி 5 மைக்ரோலிட்டர் கண்ணெதிரே இருக்கிறது, கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் கத்துகிறது. ஆனால் எக்செல் காட்டும் இருப்பு மைனஸ் 73 மைக்ரோகியூரி!

இரண்டு, ட்ரிஷியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) சேர்த்த தைமிடின். 6 வருடத்துக்கு முன் வந்த 1 மில்லிகியூரி, 1 மில்லிலிட்டர் குப்பி. 640 மைக்ரோலிட்டர் மீதி என்று பதிவேடு சொல்கிறது. கடைசியாக எடுத்தது 4 வருடத்துக்கு முன். குப்பியைக் காணோம். கைகர் கருவியை எடுத்துக்கொண்டு ஃப்ரீசர் முழுக்கத் துழாவிவிட்டேன், ஒரு சத்தமும் இல்லை. என்ன செய்யலாம்?

சூத்திரதாரி:
முதல் சிக்கல் எளிது. உங்கள் கோப்பு மொத்தச் சரக்கையும் இன்றைய தேதிக்குச் சிதைக்கிறது, எடுத்ததை மட்டும் லேபிள் கணக்கிலேயே விட்டுவிடுகிறது. பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகும் காலம், 14.3 நாள். 250 இன்றைக்கு 127 ஆகிவிட்டது. அதில் 200 கழித்தால் மைனஸ் 73தானே வரும்? இன்று காலை நீங்கள் எடுத்த 10 மைக்ரோலிட்டரில் 100 மைக்ரோகியூரி இருந்திருக்கவே முடியாது. சுமார் 51தான் இருந்திருக்கும்.

கதிரியக்கத்தைக் கழிக்காதீர்கள், கன அளவைக் கழியுங்கள். மைக்ரோலிட்டர் சிதையாது. இருப்பு = மீதி மைக்ரோலிட்டர் × குறிப்புத் தேதியில் இருந்த செறிவு × 0.5^(நாட்கள் ÷ 14.3). உங்கள் குப்பிக்கு 5 × 10 × 0.507, அதாவது 25 மைக்ரோகியூரி. எடுத்த ஒவ்வொரு வரியிலும் அன்றைய தேதிக்கான கதிரியக்கத்தைத் தனிப் பத்தியில் போடுங்கள். கழிவுக் கணக்குக்கு அது வேண்டும்.

இன்னொன்று, குப்பி குறிப்புத் தேதிக்கு முன்பே வந்து சேர்வதுண்டு. அப்போது நாட்கள் மைனஸில் வரும், அதைச் சுழியம் ஆக்கிவிடாதீர்கள். 5 நாள் முன்னதாக வந்தால் அந்த 250 உண்மையில் சுமார் 319. அனுமதி வரம்பை ஒட்டி வாங்கும் ஆய்வகங்கள் இதில்தான் மாட்டும்.

அலகுப்பித்தன்:
கூடவே அலகையும் பாருங்கள். எங்கள் கோப்பில் ஒருவர் மைக்ரோகியூரியிலும் இன்னொருவர் கிலோபெக்கரலிலும் ஒரே பத்தியில் நிரப்பி வைத்திருந்தார்கள். 1 மைக்ரோகியூரி என்பது 37 கிலோபெக்கரல். வித்தியாசம் சரியாக 37 மடங்கு என்று தெரிந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

சும்மாசொன்னேன்:
ட்ரிஷியத்துக்கு ஏன் இவ்வளவு கவலை? பழைய குப்பி, கைகர் கருவியிலேயே தெரியாத அளவு. ‘சிதைந்துவிட்டது, அப்புறப்படுத்தப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள். பாதி ஆய்வகங்களில் நடப்பது இதுதான்.

பழைய டோசிமீட்டர்:
சும்மாசொன்னேன் தம்பி, நீங்கள் சும்மா சொன்னதாகவே இருக்கட்டும். ட்ரிஷியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம். 6 வருடத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அப்படியே இருக்கும். சிதைந்துவிட்டது என்று எழுதினால், கால்குலேட்டர் வைத்திருக்கும் யாரும் அது பொய்ப்பதிவு என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாஸ்பரஸ்-32ஐப் பத்து அரை ஆயுள், அதாவது ஐந்து மாதம் போல, பூட்டி வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அந்தப் பழக்கத்தில் எல்லா ஐசோடோப்பையும் பேசக் கூடாது.

கைகர் கருவியில் தெரியவில்லை என்பதற்கும் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. ட்ரிஷியம் உமிழும் பீட்டா துகளின் ஆற்றல் அதிகபட்சம் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கருவியின் ஜன்னலைத் தாண்டும் தெம்பு அதற்குக் கிடையாது, குப்பியின் கண்ணாடியைத் தாண்டி வருவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஒரு முழுக் குப்பியையே கையில் பிடித்துக்கொண்டு நின்றாலும் கைகர் கருவி வாய் திறக்காது. புதுப்பொறுப்பு, நீங்கள் கண்ணால் தேட வேண்டும், லேபிள் லேபிளாக. சிந்தியிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் துடைப்புத்தாளால் துடைத்துத் திரவ சிண்டிலேஷன் கவுண்டரில் (மாதிரியைத் திரவத்தில் போட்டு, எழும் ஒளிப்பொறிகளை எண்ணும் கருவி) எண்ணுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. இன்றே உங்கள் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். 12 நாள் கழித்து அவரே கண்டுபிடித்தால் அது வேறு கதை. 20 வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்: ‘ஐயா, ஒரு குப்பி காணவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்று வந்து சொன்ன மாணவர் யார்மீதும் எனக்குக் கோபம் வந்ததில்லை. பழைய தேதி போட்டு, ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரப்பிய பதிவேட்டைப் பார்த்தால்தான் வரும்.

தேட வேண்டிய இடங்கள்: கழிவுப் பதிவேடு (ஒருவேளை குப்பி ஏற்கெனவே போய்விட்டு, இருப்பில் கழிக்காமல் விட்டிருக்கலாம்), ஆய்வகம் இடம் மாறியபோது கட்டிய பெட்டிகள், ஃப்ரீசர் பழுதானபோது பக்கத்து அறைக்குப் போன சாமான்கள்.

புதுப்பொறுப்பு:
சூத்திரதாரி அண்ணா, கன அளவுக்கு மாற்றிவிட்டேன், 25.4 வருகிறது. பழைய குப்பிகள் எல்லாமே நேராகிவிட்டன. மூன்று வருடமாக மைனஸ் வந்தபோதெல்லாம் சீனியர் ‘திருத்தம்’ என்று ஒரு வரி சேர்த்துச் சுழியமாக்கி வைத்திருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஐயா, அலுவலரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. நாளை அவரே ஒரு ஆளை அனுப்புகிறாராம்.

பழைய டோசிமீட்டர்:
நல்லது. அந்த ஆள் வரும்போது பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ரீசருக்குப் போவதோடு நிறுத்தாதீர்கள். அப்படிப் போனால் எழுதியதில் எது இல்லை என்று மட்டும்தான் தெரியும். அப்புறம் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, அறையின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி, மஞ்சள் கதிர்வீச்சுச் சின்னம் ஒட்டிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். இருப்பதில் எது எழுதப்படவில்லை என்பது அப்போதுதான் வெளியே வரும். என் அனுபவத்தில் இரண்டாவது நடைதான் அதிகம் பேசும்.

குறிப்பாகக் கருவிகளின் வயிற்றுக்குள் பாருங்கள். எலக்ட்ரான் கவர்வு டிடெக்டர் வைத்த பழைய கேஸ் குரோமட்டோகிராஃபில் (கலவையை வாயு நிலையில் பிரித்தறியும் கருவி) நிக்கல்-63 இருக்கும், அரை ஆயுள் சுமார் 100 வருடம். நீங்கள் துடைப்புத்தாளை எண்ணப்போகும் சிண்டிலேஷன் கவுண்டருக்குள்ளேயே மாடலைப் பொறுத்து சீசியம்-137, பேரியம்-133, ரேடியம்-226 என்று ஏதாவது ஒரு மூலம் இருக்கலாம். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பு அறையின் ரசாயன அலமாரியில் யுரேனைல் அசிடேட் இருக்கும், அதை யாரும் யுரேனியமாகவே நினைப்பதில்லை. வாங்கியது வேதிப்பொருள் பட்டியலில், கருவி வந்தது கருவிப் பட்டியலில். கதிரியக்கப் பட்டியலுக்கு யாரும் சொல்வதில்லை.

கருவியைக் கழித்துக் கட்டும்போதுதான் ஆபத்து. 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது நினைவிருக்கும். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் 1985 முதல் சும்மா கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் போனது, உள்ளே கோபால்ட்-60. அதை உடைத்த இடத்தில் ஒருவர் உயிர் போனது, பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். உங்கள் நிக்கல்-63 அந்த வகையே இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் பட்டியலிலிருந்து நழுவிய விதம் ஒன்றுதான்.

துடைப்புத்தாள்:
மூடிய மூலம் (உறைக்குள் அடைத்த கதிரியக்கப் பொருள்) ஏதாவது அகப்பட்டால் சீரியல் எண்ணைக் குறித்துவிட்டு, கடைசிக் கசிவுச் சோதனை எப்போது நடந்தது என்று பாருங்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வரம்பு 185 பெக்கரல். டிடெக்டரை மட்டும் நீங்களாகக் கழற்றித் திறந்து பார்க்காதீர்கள்.

புதுப்பொறுப்பு:
குப்பி கிடைத்துவிட்டது!

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் மைனஸ் 20 ஃப்ரீசர் ஒரு வார இறுதியில் படுத்துவிட்டதாம். யாரோ அவசரத்தில் எல்லாவற்றையும் பக்கத்து ஆய்வக ஃப்ரீசருக்கு மாற்றியிருக்கிறார்கள். கீழ்த்தட்டில், பனி மூடிய ஒரு அட்டைப்பெட்டி. மேலே மார்க்கரில் ‘தற்காலிகம்’. உள்ளே ஆன்டிபாடி குப்பிகளுக்கு நடுவில் ஈயமும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் இது. (ட்ரிஷியத்துக்கு ஈயம் வேண்டாம் என்று தெரியும், இருந்தாலும் பார்த்ததும் திக்கென்றது.) மஞ்சள் சின்னம் பாதி உரிந்திருந்தது, லாட் எண் மட்டும் படிக்க முடிந்தது. பதிவேட்டோடு பொருந்துகிறது. பெட்டியையும் தட்டையும் துடைத்து எண்ணினோம், எங்கும் இயல்பாக இருக்கும் பின்னணி அளவுதான்.

பைப்பெட்டில் அளந்தால் 610 மைக்ரோலிட்டர். பதிவேட்டில் 640. இந்த 30ஐ என்ன செய்வது?

பழைய டோசிமீட்டர்:
ஒன்றும் செய்யாதீர்கள். 640 என்ற பழைய வரியை அழிக்காமல், கீழே இன்றைய தேதியிட்டு ‘அளந்தது 610, வித்தியாசம் 30, காரணம் தெரியவில்லை’ என்று எழுதி, நீங்களும் அலுவலர் அனுப்பிய ஆளும் கையெழுத்திடுங்கள். நாலு வருடம் முன்பு பைப்பெட் நுனியில் ஒட்டியதா, ஆவியானதா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. குப்பி இருந்த அறை, தட்டு, பெட்டி என்று இடத்துக்கும் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். இடம் மாறினால் அதுவும் ஒரு பதிவு.

புதுப்பொறுப்பு:
எழுதியாகிவிட்டது ஐயா. இரண்டாவது நடையும் நடந்தோம். மூலையில் துணி போர்த்திக் கிடந்த குரோமட்டோகிராஃபின் பின்பக்கம் நிக்கல்-63, 15 மில்லிகியூரி என்று ஒரு சின்ன உலோகத் தகடு. எங்கள் பதிவேட்டில் அந்தச் சீரியல் எண் இல்லை. அலுவலகத்தின் பழைய கோப்பில் இருக்கிறது, ஓய்வு பெற்றுவிட்ட ஒரு பேராசிரியரின் பெயரில். அவருடைய அறை இப்போது கருத்தரங்கக் கூடம். கருவியை யார் எப்போது இங்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை கசிவுச் சோதனை, முடிவு வந்ததும் இங்கே போடுகிறேன்.