ரீஸ்டார்ட் செய்யாமல் லாக் லெவலை மாற்றியும் டீபக் வரிகள் வரவில்லை

கேள்வி (பெங்களூரு, வைட்ஃபீல்டு)

அனைவருக்கும் வணக்கம். ஸ்பிரிங் பூட் (ஜாவா செயலிக் கட்டமைப்பு), லாக்பேக் (லாக் பதிவுகளை எழுதும் நூலகம்) கொண்டு இயங்கும் பணப் பரிமாற்றச் சேவை ஒன்றைப் பராமரித்து வருகிறேன். பகலில் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய அனுமதி கிடையாது. பிழையோ பகலில், நெரிசல் மிகுந்த நேரத்தில் மட்டுமே தலைகாட்டுகிறது. ஆகவே, எஸ்எல்எஃப்4ஜே (லாக் நூலகங்களுக்கான பொது இடைமுகம்) தரும் லாகரை (லாக் செய்திகளை அனுப்பும் பொருளை) லாக்பேக்கின் சொந்த லாகர் வகைக்கு காஸ்ட் செய்து (வகை மாற்றி), எங்கள் பேக்கேஜுக்கு செட்லெவல் வழியாக டீபக் (பிழை தேட உதவும் விரிவான லெவல்) வைத்தேன். கெட்லெவலும் டீபக் என்றே காட்டுகிறது. ஆனால் லாக் கோப்பில் இன்ஃபோவுக்கு (வழக்கமான தகவல் லெவல்) கீழ்ப்பட்ட ஒரு வரிகூட இல்லை. எங்கே தவறுகிறேன்?

பதில் 1

வணக்கம். எஸ்எல்எஃப்4ஜேயின் லாகர் இடைமுகத்தில் லெவலை மாற்றும் மெத்தட் இல்லாததால், காஸ்ட் செய்தது சரியே. தனக்கென லெவல் இல்லாத லாகர், தனக்கு மேலே லெவல் வைக்கப்பட்டுள்ள மிக நெருங்கிய லாகரிடமிருந்து அதைப் பெறும். ஆனால் உங்கள் எக்ஸ்எம்எல் கோப்பில் குறிப்பிட்ட கிளாஸ் ஒன்றுக்குத் தனியாக இன்ஃபோ என்று எழுதியிருந்தால், பேக்கேஜில் நீங்கள் செய்த மாற்றம் அதைத் தொடாது. எனவே, லாக் எழுதும் அந்த கிளாஸின் லாகரிடமே கெட்எஃபெக்டிவ்லெவல் கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்

கேட்டேன், ஐயா. அங்கும் டீபக்தான்.

பதில் 2

அப்படியானால் செய்தி லாகரைக் கடந்துவிட்டது, அப்பெண்டரில் (செய்தியைக் கோப்பு போன்ற இடத்தில் எழுதும் பகுதியில்) நிற்கிறது. கோப்பு அப்பெண்டருக்குள் த்ரெஷோல்டுஃபில்டர் இருக்கிறதா? லாகரின் லெவல் எதுவாக இருந்தாலும், அந்த ஃபில்டர் தன் வரம்புக்குக் கீழான அனைத்தையும் தடுத்துவிடும். நானும் ஒருமுறை இதே இடத்தில் ஒரு வாரத்தைத் தொலைத்தேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

கேட்டவர்

இருந்தது! டிஸ்க் நிரம்பாமலிருக்க யாரோ முன்பு சேர்த்திருக்கிறார்கள். நேற்றிரவு வெளியீட்டில் அதை நீக்கினேன். இப்போது டீபக் வரிகள் வருகின்றன. ஆனால் ஏறத்தாழ மூன்று கோரிக்கைகளில் ஒன்றுக்கு மட்டுமே வருகின்றன.

பதில் 1

மூன்று பாடுகள் (pod, சேவையின் தனித்தனியாக இயங்கும் பிரதிகள்) ஓடுகின்றனவா? செட்லெவல் அழைக்கப்பட்ட ஜேவிஎம்மில் (ஜாவா நிரலை இயக்கும் சூழலில்) மட்டுமே மாற்றம் நிகழும். ஆக்சுவேட்டரின் (ஸ்பிரிங் பூட்டின் கண்காணிப்பு வசதி) லாகர்ஸ் எண்ட்பாயிண்ட்டைப் பயன்படுத்தினாலும் இதே நிலைதான். லோடு பேலன்சர் (கோரிக்கைகளைப் பாடுகளுக்குப் பகிர்ந்தளிப்பது) வழியாக அனுப்பும் போஸ்ட் கோரிக்கை ஏதோ ஒரு பாடைத்தான் அடையும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுப்ப வேண்டும். அந்த எண்ட்பாயிண்ட்டை உள்நுழைவுச் சரிபார்ப்பு இல்லாமல் திறந்துவிடாதீர்கள். டீபக் வரிகளில் அட்டை எண்கள் பதிவாகின்றனவா என்பதையும் தயவுசெய்து முதலில் பாருங்கள், அது வாடிக்கையாளரின் பணம்.

வேலை முடிந்ததும் இன்ஃபோ என்று வைப்பதைவிட நல் (null, மதிப்பில்லை என்பது) கொடுங்கள்; லாகர் மீண்டும் மேலிருந்து லெவலைப் பெறத் தொடங்கும். ரூட் லாகருக்கு (எல்லாவற்றுக்கும் மேலான லாகர்) மட்டும் நல் கொடுக்க முடியாது, எக்ஸெப்ஷன் வரும். இன்னொன்று: உங்கள் எக்ஸ்எம்எல்லில் ஸ்கேன் (கோப்பு மாறியதா என அவ்வப்போது சோதிக்கும் வசதி) இயக்கத்தில் இருந்தால், யாராவது அக்கோப்பைத் திருத்தியபின் அடுத்த சோதனையில் லாக்பேக் அதை மறுபடி வாசித்து, நிரல் வழியாக நீங்கள் வைத்த லெவலை அழித்துவிடும்.

கேட்டவர்

மூன்று பாடுகளுக்கும் தனித்தனியே அனுப்பினேன். எல்லாக் கோரிக்கைகளுக்கும் டீபக் வரிகள் வருகின்றன. அட்டை எண் பதிவான ஓரிடத்தைக் கண்டு, அதை மறைக்கும் திருத்தத்தை இன்றிரவு வெளியிடுகிறேன். அதுவரை அந்த ஒரு கிளாஸை மட்டும் இன்ஃபோவில் நிறுத்தியிருக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.