நிறவேடமும் காட்சிவிலக்கும்: 'பிரதிநிதித்துவம்' ஏன் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு,

> காலனியப் போர்ப் படங்களைப் பற்றிப் பேச 'பிரதிநிதித்துவம்' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

காலனியப் போர்ப் படங்கள் பிற இன மக்களைக் காட்டும் விதத்தைப் பற்றிப் பேசத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் குழுவில் ஐயா ஒருவர் கேட்டது மேலே இருக்கிறது. நியாயமான கேள்வி. யாரை, எப்படித் திரையில் காட்டுகிறார்கள் என்பதைத்தான் அவர் 'பிரதிநிதித்துவம்' என்கிறார். திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். பிரதிநிதித்துவம் என்றதும் பிள்ளைகளுக்கு விகிதாசாரத் தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது. அதைக்கூட விளக்கிச் சமாளிக்கலாம். ஆனால் அந்தச் சொல் இரண்டு வேறு வேறு குறைகளை ஒன்றாகப் போட்டு மூடிவிடுகிறது. எனக்கு அதுதான் பெரிய சிக்கல்.

முதல் குறை எல்லாருக்கும் தெரிந்தது. 1962இல் வந்த 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா'வில் அரபு இளவரசர் பைசலாக நடித்தவர் அலெக் கின்னஸ். 1966இன் 'கார்ட்டூம்' படத்தில் சூடானியக் கிளர்ச்சித் தலைவர் மஹ்தியாக நடித்தவர் லோரன்ஸ் ஒலிவியர். இருவரும் ஆங்கிலேயர், மண்ணிற ஒப்பனையோடு வந்தார்கள். இதற்குக் குழுவில் ஒரு அக்கா சொன்ன 'வெள்ளையடிப்பு' எனக்குச் சரிவரவில்லை. பொங்கலுக்கு முதல் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர். குழுவில் வந்த இன்னொரு சொல்லான 'வேற்றின வேடம்' பரவாயில்லை, ஆனால் மழுங்கலாக இருக்கிறது. நம் கூத்தில் ஆண் பெண் வேடம் கட்டுவது மரபு, 'வேடம்' என்பதில் பழி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஆகவே இங்கே கட்டப்படுவது எது என்று சொல்லிலேயே தெரிய வேண்டும்: அது இன்னொரு மக்களின் தோல் நிறம். 'நிறவேடம்' என்று முன்மொழிகிறேன். 'ஒலிவியர் நிறவேடம் கட்டினார்' என்றால் வினையும் இயல்பாகச் சேருகிறது.

இரண்டாவது குறைக்கு நம் நாட்டிலேயே எடுத்த படம் இருக்கிறது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் கையளித்த அதே 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்'. கித்துள்கலையில், களனி ஆற்றின் மேல் பாலம் கட்டி எடுத்தார்கள். அதில் யப்பானியத் தளபதி சைட்டோவாக நடித்த செசூ ஹயகாவா யப்பானியர்தான். அந்தப் பாத்திரத்தில் நிறவேடம் இல்லை. அப்போ குறையே இல்லையா?

இருக்கிறது. படம் சொல்வது, இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதையில் பாலம் கட்டிய கதை. உண்மையான சயாம்–பர்மா ரயில்பாதை சுமார் 415 கிலோமீற்றர் நீளம். 1942–43இல் அதைப் போட நேச நாட்டுப் போர்க்கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும், பர்மியர், மலாய்க்காரர், யாவாக்காரரையும் கொண்டுபோனார்கள். கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளரின் சாவு அதைவிடப் பல மடங்கு; வாந்திபேதியில் முகாம் முகாமாகச் செத்தார்கள். படத்திலோ பாலம் கட்டுவது பிரித்தானியக் கைதிகள் மட்டும். மண் சுமந்த ஒரு தமிழ்த் தொழிலாளியைக்கூட அதில் காண முடியாது. இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனக்கும்.

இப்படி ஒரு மக்களையே காட்டாமல் விடுவதற்குக் குழுவில் வைத்த 'இருட்டடிப்பு' நல்ல சொல், நாளிதழ்களில் பழகியதும்கூட. ஆனால் போர்க்காலப் படங்களைப் பற்றி எழுதும்போது விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஊரெல்லாம் விளக்கணைக்கும் இருட்டடிப்போடு குழம்பும். 1942 ஏப்ரலில் குண்டு விழுந்த ஊரில் இருந்துகொண்டு அந்தக் குழப்பத்தை நான் விரும்பவில்லை. 'திரைநீக்கம்' வேண்டவே வேண்டாம், அது சிலை திறப்பு. என் முன்மொழிவு 'காட்சிவிலக்கு': அங்கே இருந்தவர்களைக் காட்சியிலிருந்தே விலக்கிவிடுவது. 'காட்சிவிலக்கப்பட்ட தொழிலாளர்' என்று பெயரடையும் வருகிறது.

கூட்டமாக மட்டும் வந்து, பேச வாயில்லாமல் போகிறவர்களுக்குத் தனிச்சொல் தேவையில்லை, 'வசனமற்ற பாத்திரம்' போதும்.

ஒரு தடை எனக்கே தெரிகிறது. 'மதுவிலக்கு' என்றால் தடை, 'வரிவிலக்கு' என்றால் சலுகை. நான் முதலாவது பொருளில்தான் எடுக்கிறேன். இரண்டாவது பொருள் முந்திக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள். அடுத்த தவணைக்கான பாடக்குறிப்பில் இரண்டு சொற்களையும் போட இருக்கிறேன்.