அமெரிக்காவில் வில்லோடு மான் வேட்டைக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். போய் வந்தவர்கள் யாராவது இருக்கீங்களா?

ராசிபுரத்து வில்லாளி:

வணக்கமுங்க. ஊர் ராசிபுரம் பக்கம். ஏழு வருடமாகக் காம்பவுண்ட் வில் (இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்) பழகுகிறேன். ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்குமே, அங்கே வில் போட்டியை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்ததுதான் எனக்கு ஆரம்பம். இப்போது 50 மீட்டரில் 80 செ.மீ. இலக்கில் ஆறு அம்பு விட்டால் நாலு நடு மஞ்சளில் விழும்.

கம்பெனியில் ஜனவரி முதல் ஒரு வருடத்துக்கு டென்வருக்கு அனுப்புகிறார்கள். அங்கே என் டீமில் இருக்கும் இரண்டு பேரும் வில்காரர்கள். ஆகஸ்ட் கடைசியில் பக்கத்து மாநிலமான வயோமிங்கில் ஆன்டலோப் என்கிற மான் வேட்டைக்கு மூன்று நாள் போவார்களாம், நீயும் வா என்கிறார்கள். அரசு உரிமம் எடுத்துப் போகும் முறையான வேட்டைதான்.

எனக்கு ஆசை இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது. எங்கள் வீட்டில் கறி சாப்பிடுவோம். ஆனால் கோயிலில் கிடாய் வெட்டும்போது நான் திரும்பி நின்றுகொள்கிற ஆள். இலக்கு அட்டையில் அடிக்கிற கை உயிருள்ளதைப் பார்த்து அம்பு விடுமா என்று தெரியவில்லை. போனவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இன்னொன்று. இங்கே ஒரு நண்பன், "அதற்கு ஏன் அமெரிக்கா? பவானிசாகர் பக்கம் வெளிமான், அதான் பிளாக்பக், மேய்கிறது, ஒரு ராத்திரி போய்ப் பழகிக்கலாம்" என்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவன் விடுகிற மாதிரி இல்லை. அவனுக்கு என்ன சொல்வது?

தாராபுரம் காற்றாடி:

தம்பி, நான் தாராபுரத்துக்குப் பக்கத்தில் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். 2014 முதல் 2018 வரை வயோமிங்கில் இதே வேலைதான். மூன்று வருடம் வில்லோடு போனேன். இரண்டு மான் கிடைத்தது. ஒன்றை அடித்துவிட்டுத் தொலைத்தேன்.

அங்கே எல்லோரும் ஆன்டலோப் என்றுதான் சொல்வார்கள். பிராங்ஹார்ன் என்பது அதன் பெயர். நம் வெளிமானுக்கு அது சொந்தமே இல்லை. அந்தக் குடும்பத்தில் இன்றைக்கு உயிரோடிருப்பது அது ஒன்றுதான். இருப்பதில் கிட்டத்துச் சொந்தம் ஒட்டகச்சிவிங்கி என்றால் நம்புவீர்களா? கொம்புக்கு மேலே இருக்கும் உறையை வருடம் ஒருமுறை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்க்கும். மணிக்கு 88 கிலோமீட்டர் வரை ஓடும். கண் இரண்டும் பக்கவாட்டில் தள்ளி இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நான் 80 மீட்டர் உயரக் கோபுரத்து மேலே நின்று பார்த்திருக்கிறேன். ரொம்ப தூரத்தில் ஒரு வண்டி திரும்பும், இங்கே மேய்கிற கூட்டம் மொத்தமும் தலையைத் தூக்கும். பயந்துவிட்டால் பின்பக்கத்து வெள்ளை முடியை விரித்துக் காட்டும், அடுத்த கூட்டம் அதைப் பார்த்து உஷாராகிவிடும்.

இடம் எப்படி இருக்கும் என்றால், காங்கேயத்துக் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் காட்டை, நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வெள்வேல மரத்தை எல்லாம் எடுத்துவிடுங்கள். கொழுக்கட்டைப் புல் இருக்கும் இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறச் சேஜ் புதர். ஒளிய நிழல் கிடையாது. கிளுவை வேலிக்குப் பதிலாக முள்கம்பி. இந்த மான் ஓட்டத்தில் அவ்வளவு சூரம், ஆனால் வேலியைத் தாண்டுவது அரிது. அடிக்கம்பிக்குக் கீழே குனிந்து நுழையும். அக்கறையுள்ள பண்ணைக்காரர்கள் அடிக்கம்பியை மட்டும் முள்ளில்லாமல், தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுவார்கள். கம்பியில் முடி ஒட்டியிருந்தால் அங்கே தடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர் எங்களுக்கு நிலத்தில் அனுமதி கொடுத்த பெரியவர். அவர் பண்ணையில் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் இறைப்பது பழைய காற்றாடிதான். பல்சக்கரத்தில் சத்தம் வருகிறது என்று சொன்னார், ஏறி எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். அப்படித்தான் பழக்கம்.

வேட்டை என்பது பெரும்பாலும் அந்தத் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. பிளைண்ட் என்கிற கூடாரத்தைச் சில நாள் முன்னதாகவே அடித்துவிட வேண்டும், மான் அதைப் பார்த்துப் பழக வேண்டும். பொழுது கிளம்புவதற்கு முந்தி உள்ளே போய்விட்டால் பொழுது சாய்ந்துதான் வெளியே. ஆகஸ்ட் வெயிலில் உள்ளே வேகும். உள்ளே இருட்டாக இருப்பதால் கறுப்புச் சட்டை போட வேண்டும், இல்லையென்றால் கை அசைவது தெரியும். முதல் வருடம் இரண்டு நாள் அப்படி இருந்தும் வில்லை ஒருமுறைகூட இழுக்கவில்லை. மாடு வந்தது, சின்னச் சின்னக் குருவிகள் வந்தன, ஒரு குள்ளநரி மாதிரி கயோட்டி வந்து நக்கிக் குடித்துவிட்டுப் போனது. அந்த இரண்டு நாளில் பார்த்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கிடா, ஆண் மான், வந்து 19 மீட்டரில் குனிந்து குடித்தது. ஒரே அம்பு. நூறடி போய்ப் படுத்துவிட்டது. பக்கத்தில் போய் மண்டியிட்டு அதன் கழுத்தில் கை வைத்தேன். உடம்பு சூடாக இருந்தது. அழுதேன். கூட வந்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

இனி தொலைத்த கதை. இரண்டாம் வருடம். எனக்கும் உங்களை மாதிரி 50 மீட்டரில் கை நன்றாக நின்றது, அந்தத் தைரியம்தான் கெடுத்தது. ஒரு கிடா தொட்டிக்கு வராமல் 42 மீட்டரில் பக்கவாட்டாக நின்றது. விட்டேன். அம்பின் வேகம் வினாடிக்கு 85 மீட்டர். 42 மீட்டர் போக ஏறக்குறைய அரை வினாடி. வில்லின் சத்தமோ ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் மானிடம் போய்விடும். மீதி நேரம் முழுவதும் மானுக்குச் சொந்தம். சத்தம் கேட்டதும் அது ஓடுவதற்காகக் காலை மடக்கித் தாழ்ந்தது, உடம்பும் திரும்பியது. நெஞ்சுக்கு விட்ட அம்பு வயிற்றில் பட்டது. வயிற்றில் பட்டால் பல மணி நேரம் விட்டுவிட வேண்டும், அது படுத்துக்கொள்ளும். நான் பதற்றத்தில் அரை மணியிலேயே தேடப் போனேன். எழுந்து ஓடிவிட்டது. வேலி தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் போனதால் அவரைக் கண்டுபிடித்து அனுமதி வாங்கவே சாயங்காலம் ஆனது. ராத்திரி டார்ச்சோடு, மறுநாள் மத்தியானம் வரை, நாலு பேர். கிடைக்கவில்லை. அந்த வருடத்து உரிமம் அதோடு தீர்ந்தது என்று வைத்துக்கொண்டு வில்லைப் பையில் போட்டுவிட்டேன். அட்டை அசையாது தம்பி. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். 25 மீட்டருக்கு மேல் விட மாட்டேன் என்று இங்கே கிளம்பும் முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். அங்கே போய் முடிவு செய்ய முடியாது, கை முந்திக்கொள்ளும்.

கறியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் கெட்டுவிடும். உடனே தோலை உரித்து, ஐஸ் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அந்த மான் கறி நாறும் என்று அங்கேயே சிலர் சொல்வார்கள், ஆறவிடாமல் வண்டியில் போட்டு ஊர் சுற்றினால் எந்தக் கறிதான் நாறாது? தின்னக்கூடிய கறியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அங்கே குற்றம். நான் பள்ளிபாளையம் முறையில் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு போட்டு வதக்கிக் கொடுத்தேன். அடுத்த வருடத்திலிருந்து சமையல் என் பொறுப்பு ஆகிவிட்டது.

சத்தி வனத்தோரம்:

அந்த நண்பர் சொன்னதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேனுங்க. எங்கள் தோட்டம் பவானிசாகருக்குப் பக்கத்தில் காட்டோரம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெளிமான் இருப்பது உண்மை. அந்தப் பக்கம் காடு எல்லாம் 2013-லிருந்து புலிகள் காப்பகம்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. 3 வருடத்துக்குக் குறையாமல் 7 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். கொன்றால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். துரத்துவது, கண்ணி வைப்பது, கொல்ல முயல்வது எல்லாமே சட்டத்தில் வேட்டைதான். வில், வண்டி எல்லாம் அரசுக்குப் போய்விடும். "சும்மா பழகத்தான் போனோம்" என்பது எங்கேயும் எடுபடாது.

சட்டத்தை விடுங்கள். போன தை மாதம் விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போனபோது ஓர் ஆண் நின்றது. முதுகு கன்னங்கறுப்பு, வயிறு பால் வெள்ளை, கொம்பு திருகித் திருகி மேலே போகிறது. பின்னால் ஐந்து பெட்டைகள், செம்மண் நிறம். நான் மடையைத் திறக்காமல் மண்வெட்டியோடு நின்றுவிட்டேன். எங்கள் அப்புச்சி இதற்குக் கண்ணி வைத்த காலத்தைப் பற்றிச் சொல்வார், சொல்லிவிட்டு வருத்தப்படுவார். இப்போது தெருநாய் துரத்தினாலே குட்டி தப்பாது. மிஞ்சியிருப்பது கொஞ்சம்தானுங்க. உங்கள் நண்பரை ஒரு நாள் பகலில் என் தோட்டத்துக்குக் கூட்டி வாருங்கள், பைனாகுலர் நான் தருகிறேன். ஒருமுறை பார்த்தால் அந்தப் பேச்சை விட்டுவிடுவார்.

கோபி டீச்சர்:

எனக்கு வேட்டையில் உடன்பாடு இல்லை, ஆனாலும் சண்டைக்கு வரவில்லை. கிடாய் வெட்டும்போது திரும்பி நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அதை வெட்கமாக நினைக்க வேண்டாம். நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்பதற்காக மட்டும் செய்கிற காரியம் இல்லை இது. முதல் வருடம் உரிமம் எடுக்காமல் அவர்களோடு போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தால் என்ன? காற்றாடி அண்ணன் சொன்ன குருவியும் கயோட்டியும் உங்களுக்கும் வருமே.

ராசிபுரத்து வில்லாளி:

எல்லோருக்கும் நன்றிங்க. சத்தி அண்ணா பதிவை அப்படியே நண்பனுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வரலாமா என்று அவனே கேட்கிறான். தனிச்செய்தியில் பேசுகிறேன்.

டீச்சர் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், ஆனால் மனது ஒப்பாவிட்டால் விடாமல் திரும்பிவிடுவேன் என்று அவர்களிடம் இப்போதே சொல்லிவிட்டேன். அதுதான் சரி என்று அவர்களில் ஒருவர் எழுதியிருந்தார்.

காற்றாடி அண்ணா, 42 மீட்டர் கதையைப் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. நாலு மஞ்சள் என்று பெருமையாக எழுதியிருந்தேன், ஓரி விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு வரை துளைத்துப் போன கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் அல்லவா. மீதி இரண்டு அம்பு எங்கே விழுகிறது என்று இப்போதுதான் பார்க்கத் தோன்றுகிறது. டென்வர் போகும் முன் இங்கே எப்படிப் பழகுவது?

தாராபுரம் காற்றாடி:

அந்த இரண்டு அம்பைப் பார்த்தீர்களே, அதுதான் வேண்டும்.

காலையில் எழுந்ததும், உடம்பு சூடேற்றாமல், ஒரே ஓர் அம்பு விடுங்கள். அன்றைய கணக்கு அவ்வளவுதான். அப்புறம் எத்தனை விட்டாலும் பயிற்சி, அந்த முதல் அம்பை மட்டும் நோட்டில் எழுதுங்கள். காட்டில் உங்களுக்குக் கிடைப்பது அந்த முதல் அம்புதான்.

நின்று விட வேண்டாம். ஒன்றரை அடி ஸ்டூலில் உட்கார்ந்து பழகுங்கள். வில்லின் கீழ்ச் சக்கரம் தொடையில் தட்டும், ஸ்டூலைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் சரியாகும். முன்னால் ஒரு சாக்கைக் கட்டி ஜன்னல் அளவுக்குக் கிழித்து அதன் வழியே விடுங்கள். பார்வை ஓட்டை வழியாகத் தெரிந்தாலும் அம்பு சாக்கில் தட்டும், அம்பு இருக்கும் இடம் கண்ணுக்குக் கீழே என்பதை மறந்துவிடுவோம். இழுத்த வில்லை ஒரு நிமிடம் பிடித்திருக்கப் பழகுங்கள். மான் குடிக்கும், சட்டென்று தலையைத் தூக்கும், மறுபடி குனியும். குனிந்திருக்கும்போது இழுத்து, அது தூக்கும்போது சிலையாக இருக்க வேண்டும்.

வயோமிங்கில் ஆன்டலோப்புக்கு 40 பவுண்டு இழுவை குறைந்தபட்சம். உங்கள் வில் அதற்கு மேல்தான் இருக்கும். வேட்டை முனையைப் போட்டால் அம்பு பயிற்சி முனை போகிற இடத்துக்கே போகும் என்று நம்ப முடியாது, அங்கே போய் அதற்கென்று பத்து நாள் ஒதுக்குங்கள்.

காகித வேலையில் அசந்துவிடாதீர்கள். வெளிமாநிலத்தவருக்கு உரிமம் குலுக்கலில் வருவது, விண்ணப்பத்தை மே மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். வில்லுக்குத் தனி உரிமம் ஒன்றும் வாங்க வேண்டும். 1966-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பாடம் படித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், பிப்ரவரியிலேயே முடித்துவிட்டால் நிம்மதி.

நிலம் கொடுக்கிற பண்ணைக்காரரை வேட்டைக்கு முன்பே ஒரு நாள் போய்ப் பாருங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். நான் காங்கேயம் வெண்ணெய் காய்ச்சிய நெய் ஒரு பாட்டில் கொண்டுபோனேன். பண்ணைக்காரர் வீட்டம்மா அதை ரொட்டிக்குத் தடவிவிட்டு, அடுத்த வருடம் எப்போது வருவாய் என்று கேட்டார்கள்.