பெல்லட் கிரில்ல திடீர்னு தீ புடிச்சுருச்சு, எங்க தப்பு பண்ணேன்?

டல்லாஸ்_சமையல்:
போன சனிக்கிழமை நடந்தது, இன்னும் படபடப்பு போகல. வீடு டல்லாஸ் பக்கம், பேக்யார்டுல பெல்லட் கிரில் (அமுக்கின மரத்தூள் துண்டுகளை எரிச்சு கரண்ட்ல ஓடுற அடுப்பு) வாங்கி ஒண்ணரை வருஷமாச்சு. தோலோட சிக்கன் லெக் 12 பீஸ் 225 டிகிரி ஃபாரன்ஹீட்ல ஒரு மணி நேரம் புகையில வெச்சேன், அப்புறம் தோல் மொறுமொறுன்னு வரட்டும்னு 425-க்கு ஏத்திவிட்டுட்டு வெங்காயம் வெட்ட உள்ள போனேன். பத்து நிமிஷம்கூட இருக்காது, ஜன்னல் வழியா பாத்தா மூடி இடுக்குலேர்ந்து கருப்பா புகை, டிஸ்ப்ளேல 560 காட்டுது. ஓடிப்போய் மூடியைத் திறந்தேன், குப்புன்னு தீ மேல வந்துச்சு, கை முடியெல்லாம் பொசுங்கிருச்சு. ஊர்லேர்ந்து அம்மா வந்திருக்காங்க, அவங்க பக்கெட்ல தண்ணி தூக்கிட்டு ஓடி வர்றாங்க, நான் வேணாம்மா வேணாம்மான்னு கத்துறேன். மூடியை மூடி ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு தள்ளி நின்னோம், 20 நிமிஷம் ஆச்சு அடங்க. மர ஃபென்ஸ் அஞ்சடிதான் தள்ளி இருக்கு. கிரில்ல கோளாறா, நான் பண்ண தப்பா? முந்தின வாரம்தான் 14 மணி நேரம் பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) போட்டேன், அப்போ ஒண்ணுமே ஆகல.

ஹூஸ்டன்_புகை:
முதல்ல, கைக்கு ஒண்ணும் ஆகலையே? தண்ணி ஊத்த விடாம தடுத்தீங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம்.
ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த பிரிஸ்கெட் போட்டப்போ வெளிய தொங்குற கிரீஸ் வாளில எவ்வளவு கொழுப்பு சேந்துச்சு? 14 மணி நேரம் உருகின கொழுப்பு வாளிக்கு வரலைன்னா அது இன்னும் உள்ளதான் கிடக்கு. பிரிஸ்கெட் அன்னைக்கு தீ புடிக்காததுக்கு காரணம் 225-ல அது சும்மா உருகித் தேங்கும், அவ்வளவுதான். அதே கொழுப்பு மேல நீங்க 425 வெச்சிருக்கீங்க, அடியில ஃபயர் பாட் (பெல்லட் எரியுற கிண்ணம்) தீ, ட்ரிப் ட்ரேயை (கொழுப்பு சொட்டுற தட்டு) நேரா சூடாக்குது, மேல சிக்கன் தோல் கொழுப்பு வேற சொட்டுது. என் கணிப்பு இதுதான், கிரில் மேல தப்பு இல்ல. ட்ரேயை வெளிய எடுத்துப் பாருங்க.

கரிக்கட்டை:
மேல சொன்னது சரியாதான் இருக்கும், ஆனா ஃபயர் பாட்டையும் ஒரு தடவை பாத்துருங்க. சாம்பல் நெறைஞ்சிருந்தா தீ அணைஞ்சுபோயிரும், ஆகர்ங்குற திருகு அது பாட்டுக்கு பெல்லட்டை உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும், அப்புறம் குவிஞ்சதெல்லாம் ஒண்ணா பத்திக்கும். அந்த மாதிரி ஆனா முதல்ல டெம்பரேச்சர் இறங்கும், திக்கா வெள்ளையா மஞ்சளா புகை வரும். உங்களுக்கு கருப்பு புகை, டெம்பரேச்சரும் நேரா ஏறியிருக்கு, அதனால கொழுப்புதான்னு நானும் நெனைக்கிறேன். இருந்தாலும் ரெண்டு மூணு சமையலுக்கு ஒருக்கா, நல்லா ஆறின அப்புறம் சாம்பலை வேக்குவம் பண்ணுங்க, சூடா இருக்கும்போது பண்ணாதீங்க.

அடுப்பங்கரை_அக்கா:
தம்பி, அம்மாவைத் தப்பு சொல்லாதீங்க, தீன்னா தண்ணின்னுதானே நாம எல்லாரும் பழகியிருக்கோம். ஆனா எரியுற கொழுப்புல தண்ணி பட்டா டக்குனு ஆவியாகி எரியுற எண்ணெயையே நாலா பக்கமும் தூக்கி அடிக்கும், வீட்ல எல்லார்கிட்டயும் இதைச் சொல்லி வைங்க. மூடியைத் திறக்கவே கூடாது, காத்து போனா இன்னும் எரியும். மூடி ஏற்கனவே திறந்திருந்து தீ சின்னதா இருந்தா பேக்கிங் சோடா தூவலாம், ஆனா அவசரத்துல மைதா டப்பாவைத் தூக்கிறாதீங்க, மைதாவே எரியும். சில மாடல்ல ஷட்டவுன் போட்டா அப்புறமும் ஃபேன் ஓடும், அதுவும் தீக்கு காத்துதான், அதனால தீ புடிச்சா என்ன பண்ணணும்னு உங்க மேனுவல்ல போட்டிருக்கிறதை இப்பவே படிங்க. கிரில்லை ஃபென்ஸை விட்டு இன்னும் நல்லா தள்ளி வைங்க. ஃபயர் எக்ஸ்டிங்விஷர் கதவுகிட்ட இருக்கட்டும், அது அடங்கலைன்னா 911, யோசிக்கவே வேணாம்.

டல்லாஸ்_சமையல்:
ஹூஸ்டன்_புகை சொன்னது அப்படியே இருக்கு. வாளில அடி நனையுற அளவுதான் கொழுப்பு. ட்ரேல நான் விரிச்ச ஃபாயில் நடுவுல சுருங்கி ஒரு மடிப்பு விழுந்திருக்கு, அதுக்குள்ள தேங்கினது கருகி தார் மாதிரி ஒட்டிக்கிடக்கு. வாளிக்குப் போற குழாய்ல குச்சி விட்டா மெழுகு மாதிரி உறைஞ்ச கொழுப்பு விரல் நீளத்துக்கு வெளிய வந்துச்சு. போதாததுக்கு லெவல் வெச்சுப் பாத்தா கிரில்லே வாளிக்கு எதிர்ப்பக்கம் சாஞ்சு நிக்குது, மழையில அது நிக்குற ஒரு கல்லு இறங்கியிருக்கு.

ஹூஸ்டன்_புகை:
மூணும் ஒண்ணா சேந்திருக்கு. இனிமே ஃபாயிலை இழுத்து மட்டமா விரிங்க, ஒவ்வொரு பிரிஸ்கெட்டுக்கு அப்புறமும் மாத்துங்க. பிரிஸ்கெட் மேல கொழுப்பு கால் இன்ச்சுக்கு மேல விடாதீங்க, அடியில ஒரு அலுமினிய பேன் வெச்சா பாதிக்கு மேல அதுலயே விழுந்துரும். டெம்பரேச்சர் ப்ரோப்ல (சூட்டை அளக்குற கம்பி) கரி படிஞ்சிருக்கும், துடைச்சுட்டு ஒரு தடவை காலியா ஓட்டிப் பாருங்க, பக்கத்துலயே நில்லுங்க.

டல்லாஸ்_சமையல்:
கல்லைத் தூக்கி மணல் போட்டு மட்டம் பண்ணிட்டேன், கிரில்லையும் ஃபென்ஸ்கிட்டேர்ந்து நகத்திட்டேன். காலியா 350-ல அரை மணி நேரம் ஓட்டினேன், ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. அம்மா கூடவே நின்னாங்க, கையில பேக்கிங் சோடா டப்பாவோட.