தக்காளியில் வாடல்: சூடோமோனாஸ், விரிடி விட்டும் நிற்கவில்லை, எங்கே தவறு?

செம்மண்காடு:
வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் செம்மண், சொட்டுநீரில் தக்காளி, நட்டு 45 நாள். பத்து நாளாக அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி வாடுகிறது. இலை பச்சையாகவே தொங்குகிறது, சாயங்காலம் கொஞ்சம் தேறுகிறது, மூன்றாம் நாள் முழுசாகப் போய்விடுகிறது. மருந்துக்கடையில் சொன்னதைக் கேட்டு காப்பர் ஆக்ஸிகுளோரைடு வேரில் ஊற்றினேன், அப்புறம் நாலு நாள் கழித்து சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) 2 கிலோ, விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) 2 கிலோ தூளை டிரம்மில் கரைத்து சொட்டுநீரில் விட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்பா "இதெல்லாம் வெறும் மாவுடா" என்கிறார். அடுத்து காலிஃபிளவர் போடப் போகிறேன், அதற்கு வேம் (வேரோடு சேர்ந்து மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, எடுத்துத் தரும் பூசணம்), அசோஸ்பைரில்லம் (தழைச்சத்து தரும் பாக்டீரியா) வாங்கலாமா, இல்லை காசு வீணா?

வேர்பார்:
தம்பி, முதலில் நோய் எதுவென்று பாருங்கள். இன்று வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி, தரையை ஒட்டிய தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அடிப்பக்கம் மட்டும் நனைகிற மாதிரி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி வெள்ளை இழை இறங்கினால் அது ரால்ஸ்டோனியா, பாக்டீரியா வாடல். கீழ் இலைகள் மஞ்சளாகி, இழையும் வராவிட்டால் ஃபியூசேரியம் பூசணமாக இருக்கலாம். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. விரிடி பூசண நோய்க்குத்தான் கேட்கும், பாக்டீரியா வாடலுக்கு அதை நம்ப முடியாது.

இன்னொன்று, காப்பர் ஊற்றிய மண்ணில் நாலே நாளில் நுண்ணுயிர் விட்டிருக்கிறீர்கள். காப்பர் பூசணத்தையும் கொல்லும், பாக்டீரியாவையும் கொல்லும், அதற்கு நல்லது கெட்டது தெரியாது. குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். டால்க் மாவில் கலந்து வரும் இந்தத் தூளைச் சொட்டுநீரில் விட்டால் துளையும் அடைக்கும், அதற்குத் திரவமாக வருவதை வாங்குங்கள்.

தோட்டத்து அக்கா:
மாவு என்று அப்பா சொல்வதில் அவர் தப்பு இல்லை, தகரக்கூரைக் கடையில் வெயிலில் வெந்த பாக்கெட் மாவுதான். தூளாக வருவது ஆறு மாதம்தான் தாங்கும், தேதி பார்க்காமல் வாங்காதீர்கள், வீட்டிலும் நிழலில், உரம் மருந்து பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். உயிருள்ள பொருள், உறை மோர் மாதிரி. கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிர் ஆகுமா?

நான் வாடிய பிறகு ஊற்றுவதில்லை, விதையிலேயே ஆரம்பிக்கிறேன். கிலோ விதைக்கு சூடோமோனாஸ் 10 கிராம், ஆறிய கஞ்சியில் பிசறி நிழலில் உலர்த்தி விதைப்பேன். நாற்றுத் தட்டில் தென்னை நார்க்கழிவோடு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா (மண்ணில் உள்ள மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாக்டீரியா), வேப்பம் புண்ணாக்கு கலப்பேன். நடும்போது நாற்றின் வேரை சூடோமோனாஸ் கரைசலில் அரைமணி நேரம் நனைப்பேன். ஏக்கருக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கிலோவை மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, அவ்வப்போது கிளறி, 15 நாள் கழித்துச் சாயங்காலத்தில் போட்டு உடனே தண்ணீர் விடுவேன். தொழுவுரம் இல்லாத மண்ணில் விட்டால் அதுகளுக்குத் தின்ன என்ன இருக்கிறது?

காலிஃபிளவருக்கு வேம் வாங்காதீர்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி குடும்பத்தில் அந்தப் பூசணம் வேரோடு சேராது, பீட்ரூட்டிலும் அப்படித்தான். மிளகாய், வெங்காயம், கத்தரி, தக்காளிக்குப் போடுங்கள், அதுவும் மணிச்சத்து உள்ள டிஏபி உரத்தை அள்ளிப் போடாத மண்ணில், மணிச்சத்து கூடினால் வேர் அதைச் சேர்க்காது. அசோஸ்பைரில்லம் மட்டும் காலிஃபிளவருக்கு வாங்கலாம், யூரியாவில் கால்பங்கு குறைத்துப் பாருங்கள்.

செம்மண்காடு:
வெட்டிப் பார்த்தேன் அண்ணே, பால் மாதிரியே இறங்கியது. வேரில் முடிச்சு இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக வாடியதெல்லாம் போன வருஷம் கத்தரி போட்ட பக்கத்தில்தான்.

வேர்பார்:
அப்போது அதே கிருமிதான், கத்தரி, மிளகாய், உருளை, தக்காளி எல்லாம் அதற்கு ஒரே வீடு. வாடியதை மண்ணோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரியுங்கள், அந்தப் பக்கத்துத் தண்ணீர் மற்ற வரிசைக்கு ஓடவேண்டாம், மண்வெட்டியையும் கழுவுங்கள். வாடிய செடியை எந்த நுண்ணுயிரும் மீட்காது. காலிஃபிளவர் போடுவது நல்ல முடிவு, அதற்குப் பிறகு மக்காச்சோளம். மறுபடி தக்காளி போட்டால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் பாருங்கள், அதற்கு இந்த வாடல் எதிர்ப்பு உண்டு. இந்த வாடலைத் தாங்கும் கத்தரி வகையின் வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டிய தக்காளி நாற்றும் கிடைக்கிறது.

தோட்டத்து அக்கா:
காலிஃபிளவரில் இரண்டு வரிசைக்கு எதுவும் போடாமல் விடுங்கள் தம்பி, பூ எடையைத் தனியாக எழுதி அப்பாவிடம் காட்டுங்கள். பழத்தின் தரமும் கூடுமா என்று பலர் கேட்கிறார்கள், வேர் நன்றாக ஓடினால் காய் ஒரே அளவாக வருகிறது. ஆனால் தக்காளியில் அடிப்பக்கம் கறுப்பது சுண்ணாம்புச் சத்தும் நீர் ஒழுங்கும் குறைவதால், அதற்கு நுண்ணுயிர் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

செம்மண்காடு:
சரி அக்கா, இரண்டு வரிசை விடுகிறேன். நாளைக்குத் தொழுவுரம் இறக்குகிறோம்.