ஓவர்ரைடு பொத்தானுக்கு யார் பொறுப்பு?

மருந்தாளுநர்_1:
2017 டிசம்பரில், அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில், 75 வயது நோயாளி ஒருவருக்கு ஸ்கேனுக்கு முன் பதற்றம் தணிய வெர்செட் எழுதப்பட்டிருந்தது. செவிலியர் ராடோண்டா வாட் தானியங்கி மருந்துப் பெட்டகத்தில் வி, இ என்று இரண்டே எழுத்துகளைத் தட்டினார். பெட்டகம் மருந்தின் பொதுப்பெயரில் தேடியதால் வணிகப்பெயரான வெர்செட் வரவில்லை; ஓவர்ரைடு செய்து, அதாவது மருந்தகத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் மருந்தை எடுக்கும் வழியில் போய், மீண்டும் தட்டியபோது வந்த வெகுரோனியத்தை எடுத்துச் செலுத்திவிட்டார். அது தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. நோயாளி மறுநாள் இறந்தார். 2022 மார்ச்சில் வாட் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மே மாதம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். வெர்செட் திரவமாகவே வரும், வெகுரோனியம் பொடி. அதை நீர்விட்டுக் கரைக்கும் நேரமெல்லாம், முடக்கும் மருந்து என்ற எச்சரிக்கை அச்சிட்ட மூடியோடு அந்தக் குப்பி அவர் கையில்தான் இருந்தது.

இரவுப்பணி_செவிலி:
குப்பியைப் படிக்காதது பிழை என்பதை நானும் மறுக்கவில்லை, ஐயா. ஆனால் ஓவர்ரைடை அத்துமீறலாகப் பார்ப்பதை ஏற்க முடியாது. நள்ளிரவில் குழந்தைக்கு வலிப்பு வந்து, அதை நிறுத்தும் லோராசெபம் மருந்துக்கு மருந்தகத்தின் ஒப்புதல் வராமல் திரை காத்திருக்கும்போது, அந்தப் பொத்தானை அழுத்தாத செவிலியரை நான் பார்த்ததில்லை. ஓவர்ரைடு தங்களுக்கு அன்றாட வழக்கம் என்று வாட்டும் விசாரணையில் சொன்னார். மருந்து செலுத்தப்பட்ட ஸ்கேன் பகுதியில், மருந்து சரிதானா என்று சரிபார்க்கும் பார்கோடு கருவியும் இல்லை. தவறு தெரிந்ததும் அவர் ஒளிக்காமல் சொன்னார். மருத்துவமனையோ மாநில அதிகாரிகளுக்கு அதைத் தெரிவிக்கவில்லை. ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனை என்றால், அடுத்த பிழையை எந்தச் செவிலியர் வாய்விட்டுச் சொல்வார்?

மருந்தாளுநர்_1:
வலிப்பு அவசரம்தான், ஸ்கேனுக்கு முந்தைய பதற்றம் அப்படியல்ல. அங்கே மருந்தகத்தைத் தொலைபேசியில் கேட்க நேரம் இருந்தது. மருந்து ஏறியபின் நோயாளியின் பக்கத்தில் நின்று கண்காணித்திருந்தால் மூச்சு நின்றது உடனே தெரிந்திருக்கும்.

மென்பொருள்_நண்பர்:
இருவரும் மனிதரைப் பற்றியே பேசுகிறீர்கள். வெர்செட், வெகுரோனியம் இரண்டும் ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்திலேயே பிரிந்துவிடும். அதனால்தான், மருந்தின் பெயரில் குறைந்தது ஐந்து எழுத்துகளையாவது தட்டிய பிறகே தேடல் திறக்கவேண்டும் என்று ஐஎஸ்எம்பி என்ற அமெரிக்க மருந்துப் பாதுகாப்பு அமைப்பு பரிந்துரைத்தது. வெர்செட்டின் ஐந்து எழுத்துகளைத் தட்டியிருந்தால் வெகுரோனியம் திரையில் வந்தே இருக்காது. வெறுந்திரையைப் பார்த்தவர் ஒரு கணமாவது நின்று யோசித்திருப்பார்.

இரவுப்பணி_செவிலி:
நான் கேட்பதும் அதுவே. தசையை முடக்கும் மருந்து, மூச்சுக்குழாய் பொருத்தும் இடங்களுக்கு வெளியே ஓவர்ரைடு பட்டியலில் ஏன் இருக்கவேண்டும்?

மருந்தாளுநர்_1:
அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். அவற்றைத் தனி மூடியிட்ட பெட்டியில் வைத்து, நோயாளிக்குச் செயற்கைச் சுவாசம் தரப்படுகிறதா என்று திரை கேட்டபிறகே திறக்கச் செய்யலாம். அந்தப் பட்டியலை ஒழுங்குபடுத்துவது எங்கள் மருந்தகத்தின் வேலை, அதைச் செய்யாதது எங்கள் குறைதான். ஆனாலும் பட்டியல் எவ்வளவு மோசமாக இருந்தாலும், கையிலிருக்கும் குப்பியைப் படிக்கும் கடமை செவிலியரை விட்டு நீங்காது என்பதிலிருந்து நான் இறங்கிவரப் போவதில்லை.