மிஸ் கூவாகம் பட்டம் வென்றவருடன் பழகிய அனுபவம்

மிஸ் கூவாகம் பட்டம் வாங்கியவர்களைப் பற்றிப் பேப்பரில் வருவதெல்லாம் அந்த ஒரு ராத்திரிதான். கூவாகம் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழாவையொட்டி விழுப்புரத்தில் திருநங்கையருக்கான இந்த அழகிப் போட்டி நடக்கும், கிரீடம் வைப்பார்கள், மறுநாள் கலர் படம் வரும், அப்புறம் அடுத்த சித்திரை வரை யாரும் அவர்களைத் தேடுவதில்லை. அந்த இடைப்பட்ட மாதங்களில் பட்டம் வென்ற ஒருவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான், அதனால் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் ஆசிரியர், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்பான செஞ்சுருள் சங்கத்தின் பொறுப்பும் என்னிடம் இருந்தது. டிசம்பர் 1 எய்ட்ஸ் தின நிகழ்ச்சிக்கு வழக்கமாக ஒரு டாக்டரைக் கூப்பிடுவோம், அவர் படம் போட்டு விளக்குவார், பிள்ளைகள் பின்வரிசையில் போன் பார்ப்பார்கள். அந்த வருஷம் ஒரு மாற்றத்துக்கு இவரை அழைத்தோம். மிஸ் கூவாகம் போட்டியில் ஒயிலாக நடந்தால் மட்டும் போதாது, எச்.ஐ.வி. பற்றியும் திருநங்கையர் உரிமை பற்றியும் கேள்வி கேட்பார்கள், பதில் தெரிய வேண்டும். கூத்தாண்டவர் கோயில் விழாவுக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கூட்டம் வருவதால், அங்கே விழிப்புணர்வு வேலையும் இந்தப் போட்டியும் பல வருஷமாகச் சேர்ந்தேதான் நடக்கின்றன. அதனால் விஷயம் தெரிந்தவராக இருப்பார் என்று எதிர்பார்த்தோம், ஆனால் அவர் கூட்டத்தைக் கையாண்ட விதத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

கிரீடமும் பட்டையும் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று எங்கள் ஆட்களே கேட்டிருந்தார்கள். போட்டுக்கொண்டுதான் வந்தார். குத்துவிளக்கு ஏற்றியதும் கிரீடத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கேள்விகளைத் துண்டுச் சீட்டில் பெயர் எழுதாமல் கொடுங்கள் என்றார். கொசு கடித்தால் வருமா, ஒரே தட்டில் சாப்பிட்டால் வருமா என்று வந்த சீட்டுகளை யாரையும் மட்டம் தட்டாமல் வாசித்தார். கொசுவால் பரவாது, ஏனென்றால் அந்தக் கிருமி கொசுவின் உடம்பில் பெருகுவதில்லை என்றார். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால் உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது என்று அவர் சொன்னபோது, உண்மையைச் சொன்னால், மேடையில் இருந்த எங்களில் சிலருக்கே அது புதிது.

நடுவில் ஒரு சீட்டைப் பிரித்தவர் வாசிக்கவில்லை. இரண்டு தடவை மனசுக்குள் படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இதை எழுதுனவங்க யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். நிகழ்ச்சி முடிஞ்சதும் கேன்டீன் பக்கம் வேப்பமரத்தடியில அரை மணி நேரம் நிப்பேன். டீ குடிக்கத்தான் நிப்பேன், யார் வேணாலும் வரலாம்" என்றார். போட்டோ எடுக்க வந்த பிள்ளைகள் கூட்டம் மொத்தமாக அங்கே போனது, அந்தக் கூட்டத்துக்குள் அந்த ஒருவரும் போயிருக்க வேண்டும். யார் என்று நான் பார்க்கவில்லை, விசாரிக்கவும் இல்லை. சில மாதம் கழித்து, "உங்க காலேஜ் பிள்ளை நல்லா இருக்கு சார், படிப்பை விடல" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு முறை அவரைக் கலெக்டர் ஆபீஸில் பார்த்தேன், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். வாசலில் போலீஸ் ஒவ்வொரு பையாகத் திறந்து மண்ணெண்ணெய் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்த வரிசையில் நின்றார், கூட வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு சின்னப் பொண்ணு. கான்ஸ்டபிள் அவர் முகத்தைப் பார்த்ததும், "பேப்பர்ல பார்த்தேம்மா, வாங்க" என்றார். உள்ளே ஒரு மேஜையில், டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் திருநங்கை அடையாளச் சான்று எப்படித் தருவது என்று இழுத்தார்கள். இவர் சத்தம் போடவே இல்லை. திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டத்தின் 2020 விதிகளின் நகலைப் பையிலிருந்து எடுத்து, அடையாளச் சான்றுக்குப் பிரமாணப் பத்திரம் போதும், மருத்துவப் பரிசோதனை கேட்கக் கூடாது என்ற இடத்தை விரல் வைத்துக் காட்டினார். பென்சிலில் கோடு போட்டிருந்தது, ஓரமெல்லாம் மடங்கி நைந்த தாள். அதற்கு முன் எத்தனை மேஜையில் அதைக் காட்டியிருப்பாரோ.

பட்டம் என்ன தந்தது என்று ஒருமுறை கேட்டேன். "முன்னாடி வாசல்லயே நிறுத்துவாங்க சார், இப்ப உள்ள விடுறாங்க. விடும்போது கூட ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார். அழகிப் போட்டியெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

ஊரடங்கு நாட்கள்தான் ரொம்பக் கஷ்டம். 2020, 2021 இரண்டு வருஷமும் கூவாகம் விழாவே நடக்கவில்லை. கடைகளை மூடிவிட்டதால் கடை கடையாகக் காசு கேட்டுப் பிழைத்தவர்களுக்கு வருமானம் நின்றது, விழா மேடைகளில் ஆடியவர்களுக்கும் அப்படியே. ரேஷன் கார்டு இல்லாதவர்கள் அரிசிக்கே திண்டாடினார்கள். எங்களைப் போன்றவர்களிடம் போன் போட்டு, பணமாக வேண்டாம், அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு என்று பொருளாகவே கேட்டு வாங்கினார். கணக்கை நோட்டில் எழுதி, கொடுத்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதைவிடப் பெரிய வேலை ஏ.ஆர்.டி. மாத்திரை, எச்.ஐ.வி. உள்ளவர்கள் தினமும் சாப்பிட வேண்டியது. பஸ் இல்லாமல் மையத்துக்கு வர முடியாதவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கி, ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு வேளை கூட விடக் கூடாது என்பதில் அவ்வளவு கறார். யாருக்கு எந்த மாத்திரை என்பதை அவர் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. இதில் எதுவும் பேப்பரில் வரவில்லை.

எனக்கு ஆற்றாமையும் ஒன்று உண்டு. அவரைக் கூப்பிடும் இடங்களில் பாதிப் பேர் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, சாப்பாடு கூடப் போடாமல் அனுப்பிவிடுகிறார்கள். டவுன் பஸ்ஸில் திருநங்கையருக்குக் கட்டணம் இல்லை, சரி, ஆனால் வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துத்தானே ஆக வேண்டும்? ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு வருகிறார். ஒரு நிறுவனத்தில் மகளிர் கழிப்பறைச் சாவியைத் தராமல் ஆபீஸுக்கும் வாட்ச்மேனுக்குமாக அலைய விட்டிருக்கிறார்கள், அதே நாளில் மேடையில் சமத்துவம் பற்றிப் பேசியிருக்கிறார்கள். கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. அழைக்கிறவர்கள் தயவுசெய்து போக்குவரத்துச் செலவும் பேசுவதற்கான தொகையும் முன்பே சொல்லிவிடுங்கள், கழிப்பறை எது என்று வந்ததுமே காட்டிவிடுங்கள், சால்வை வேண்டவே வேண்டாம்.

ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் இன்னொன்று. திருநங்கை, திருநம்பி மாணவர்களின் உயர்கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அட்மிஷன் நேரத்தில் இதை நோட்டீஸ் போர்டில் பெரிதாக ஒட்டுங்கள் என்று அவர் எங்களிடம் கேட்டார், பிராஸ்பெக்டஸில் எங்கோ மூலையில் போட்டால் வீட்டைவிட்டு வந்த பிள்ளை கண்ணில் படாது என்றார். நாங்கள் கேட் பக்கத்திலேயே ஒட்டினோம். உங்கள் கல்லூரியிலும் ஒட்டச் சொல்லுங்கள்.